ரெபில்ட் குன்றுக்கு முப்பத்தேழு பெயர்களோடு

இந்த வருடம் ஜூலை நான்காம் திகதி, சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் வாழும் வைலேயிலிருந்து வடக்கே ரெபில்ட் குன்றுகளுக்குப் போய் வந்தேன். ஊரில், இலங்கையில், போர் முடிந்துவிட்டது என்று வானொலி அறிவித்து ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. இந்த நேரத்தில் உல்லாசப் பயணமா என்று கேட்டு இரண்டு பேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். உல்லாசத்துக்குப் போகவில்லை. ஆனாலும் பயணம் என்று வந்தால் நேரமும் தூரமும் சரியாக எழுதி வைப்பது என் பழக்கம். அங்கே போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

ரெபில்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: நூறு வருடங்களுக்கு முன் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டெனிஷ்காரர் பணம் சேர்த்து வாங்கி, இந்த நாட்டுக்கே திருப்பிக் கொடுத்த நிலம் அது. ஒவ்வொரு ஜூலை நான்காம் திகதியும் அமெரிக்கச் சுதந்திர தினத்தை அங்கே கொண்டாடுகிறார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான சிலர் வந்து பேசிய இடம். அப்படிப்பட்டவர்கள் வராத வருடங்களிலும் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து யாராவது வருவார்கள் என்று நூலகத்தில் கேட்டு அறிந்தேன். எனக்கு அந்த யாராவது போதும். அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பட்டியலில் முப்பத்தேழு பெயர்கள். வைலேயிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள எங்கள் குடும்பங்களின் உறவினர்கள். போரின் கடைசி மாதங்களில் கடற்கரையோரத்தில் அகப்பட்டிருந்தவர்கள். அதன் பிறகு எந்த முகாமின் பதிவிலும் இல்லாதவர்கள். ஏழாவது பெயர் என் தம்பி சவேரியுடையது. இளைப்பாறிய தபாலதிபர், வயது அறுபத்தெட்டு. பெப்ரவரியில் ஒரு முறை தொலைபேசியில் கதைத்தான். மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொன்னான். அவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்த பின், கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து இந்தப் பட்டியலை எழுதினேன். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் ஒன்பது தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த எனக்கு அந்த வேலை இயல்பாக வந்தது. ஆகவே பட்டியலையும் அதே ஒழுங்கில் செய்தேன். ஒரு வரிக்கு ஒரு பெயர், வயது, ஊர், கடைசியாகக் காணப்பட்ட இடம், அவரை நேரில் கண்ட இருவருடைய பெயர், தகவல் தந்த உறவினரின் கையொப்பம். இரண்டு சாட்சி இல்லாத பெயரை எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரு பிழை கண்டுபிடித்தால் முழுவதையும் ஒதுக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படி எடுக்காமல் விட்டது ஒரே ஒரு பெயர். அது அருளப்புவின் மைத்துனர் ஞானப்பிரகாசம். அருளப்பு மன்னாரைச் சேர்ந்தவர். என் கணவரோடு வைலேயில் சூயிங்கம் ஆலையில் பதினொரு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். மைத்துனரை ஏப்ரலில் கண்டதாக ஒரு பெண் முகாமிலிருந்து தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இரண்டாவது சாட்சி கிடைக்கவில்லை. பென்சிலால் எழுதிய பெயரை அழித்துவிட்டேன். அருளப்புவின் மனைவியும் ஞானப்பிரகாசத்தின் சகோதரியுமான றோசலின் அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் ரெபில்டுக்குப் போக வேண்டும் என்றதும் கார் கொண்டு வருவதாகச் சொன்னவர் அருளப்புதான்.

காலை 7.20க்குப் புறப்பட்டோம். வைலேயிலிருந்து ரெபில்டுக்கு எங்கள் காரின் கணக்குப்படி 161 கிலோமீற்றர். பெரும்பகுதி ஒரே நெடுஞ்சாலை, வழி தவறவே முடியாது. ரண்டர்ஸ் தாண்டி ஒரு தரிப்பிடத்தில் பதினைந்து நிமிடம் நின்றோம். கோப்பி 22 குரோனர், அந்த விலைக்கு நல்லதில்லை. வீட்டிலிருந்து கொண்டு போங்கள். கழிப்பறை சுத்தம்.

பட்டியலும் அமெரிக்க ஜனாதிபதிக்கு நான் எழுதிய கடிதமும் அடங்கிய உறை என் மடியில் இருந்தது; அருளப்பு அதை அடிக்கடி திரும்பிப் பார்த்தார். மூன்று இடத்தில் சிவப்பு அரக்கு வைத்து, என் மாதா சபைப் பதக்கத்தால் அழுத்தி முத்திரை இட்டிருந்தேன். வாக்குப் பெட்டியை அனுப்பும்போது அப்படித்தான் செய்வோம்.

"ரீச்சர், உதைப் பாத்தா அமெரிக்காக்காரன் பயந்துபோவான்" என்றார். "அவங்கட தேர்தலிலயே இவ்வளவு அரக்குச் செலவழிச்சிருக்க மாட்டாங்கள்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டுக் கடைசியில் நடந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. ஒரு பக்கம் அப்போதைய துணை ஜனாதிபதி, மறுபக்கம் முன்னாள் ஜனாதிபதி ஒருவருடைய மகன். இருவரில் யார் வந்தால் இலங்கைப் பிரச்சினையில் கை வைப்பார்கள் என்று வைலேயில் இருந்த தமிழரெல்லாம் கதைத்தோம். வெளிநாட்டு விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று ஒருவர் சொன்னதை வைத்து ஒரு கூட்டம். அப்படிச் சொல்லாததை வைத்து மற்றக் கூட்டம். எங்கள் வீட்டுச் சண்டை அதுவல்ல. புளோரிடா மாநிலத்தில் வாக்குகளை மறுபடி எண்ணுவதா விடுவதா என்று ஐந்து வாரம் இழுபட்டதே, அதுதான்.

அங்கே வாக்குச்சீட்டில் துளை போட வேண்டும். சில சீட்டுகளில் துளை முழுதாக விழவில்லை, வெறும் வடு மட்டும் இருந்தது. இயந்திரம் அவற்றை வாக்காகவே எடுக்கவில்லை. கையால் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி மாநில நீதிமன்றம் உத்தரவிட, பார்க்கத் தொடங்கிய அன்றே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நான் தொலைக்காட்சியை அணைத்தேன். பெட்டியைத் திறந்த பின் முடிக்காமல் மூடுவது எந்த ஊர் ஒழுங்கு என்று கேட்டேன். என் கணவர் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். நான் முத்திரையிட்டு அனுப்பும் பெட்டிகளை எண்ணும் பக்கத்தில் இருந்தவர். நிராகரித்த சீட்டுகள் எந்தத் தேர்தலிலும் ஒரு கட்டு இருக்கும், எங்காவது நிறுத்தத்தான் வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்பது என்னுடையது. இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. ஜனவரியில் புதியவர் பதவியேற்றபோது என் கணவர் தேநீரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோத்த மனிசனே ஒத்துக்கொண்டு வீட்ட போயிட்டார். இனி நீர் இதில ஏன் நிக்கிறீர்?" என்றார்.

தேநீரை வாங்கிக் குடித்தேன். அவர் இறந்து ஐந்து வருடம். அந்த வழக்கு எங்களுக்குள் தீராமலே இருக்கிறது.

9.35க்கு ரெபில்ட் சேர்ந்தோம். கார்களை ஒரு புல்வெளியில் விடச் சொன்னார்கள். அங்கிருந்து குன்றின் அடிவாரத்துக்கு என் நடையில் பதினேழு நிமிடம். முழங்கால் நோ உள்ளவர்கள் தடி கொண்டு போகவும். பாதை மணலும் வேருமாக இருக்கிறது. குன்றுகள் உயரமில்லை. பற்றையும் சிறு மரங்களுமாக, நடுவில் ஒரு பள்ளம், அதன் அடியில் மேடை. சரிவுகளில் மக்கள் விரிப்புப் போட்டு, கூடை திறந்து, கோவில் திருவிழாவுக்கு வந்தவர்கள்போல இருக்கிறார்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் பக்கத்தில் பக்கத்தில். நல்ல வெயில். தொப்பி கட்டாயம்.

விருந்தினருக்கான இருக்கைகள் இருந்த பக்கம் ஒரு கயிறு. அங்கே நின்ற காவலரிடம் என் அலுவலை டெனிஷில் விளக்கினேன். என் டெனிஷில் இலக்கணப் பிழை கிடையாது, ஆனால் யாருக்கும் விளங்குவதில்லை. அருளப்புவின் டெனிஷில் இலக்கணமே கிடையாது, எல்லோருக்கும் விளங்கும். அவர் சொன்னதும் காவலர் உறையை வாங்கி, திருப்பிப் பார்த்து, அரக்கைத் தொட்டார். மரியாதையாகத்தான் பேசினார். மூடிய பொதி எதையும் உள்ளே விட முடியாது. திறந்து காட்டினால் கொண்டு போகலாம், இல்லையென்றால் காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்றார்.

முத்திரையை உடைக்கும் உரிமை பெறுபவருக்கு மட்டும்தான் உண்டு என்று சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். கயிறு கீழே இறங்கவில்லை. நான் உறையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"ரீச்சர், ஒரு துண்டு அரக்குத்தானே" என்று அருளப்பு பின்னால் வந்தார்.

அரக்கு அல்ல அருளப்பு, ஒழுங்கு என்றேன். அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்து, விட்டுவிட்டார். அவர் சொல்ல வந்தது எனக்கு விளங்கியது. என் ஒழுங்கு அவர் வீட்டில் என்ன செய்தது என்பது எனக்குத் தெரியாததல்ல.

சரிவில் நிழல் பார்த்து இருந்தோம். பக்கத்து விரிப்பில் தனியாக ஒரு வெள்ளைக்கார அம்மா, என் வயது இருக்கும், சட்டையில் விருந்தினர் நாடா குத்தியிருந்தது. கீழே கதிரையில் வெயில் தாங்க முடியவில்லை என்று மேலே வந்துவிட்டாராம். டோரதி என்று பெயர். தாய் தகப்பன் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள். கணவர் இறந்த பிறகு புளோரிடாவில் இருக்கிறார். ஆங்கிலத்தில் கதைக்க ஆள் கிடைத்தது அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அரக்கு முத்திரையைப் பார்த்து என்னவென்று கேட்டார். தேர்தல் பழக்கம் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். தானும் தேர்தல் வேலை செய்தவர் என்றார்.

2000ஆம் ஆண்டா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். எண்ணத் தொடங்கி அன்றே நிறுத்திய அந்தச் சனிக்கிழமை தன்னுடைய மாவட்டத்தில் மேசைக்கு முன் இருந்து சீட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். காலையில் தொடங்கி, பாதிக்கு மேல் முடித்து, பின்னேரம் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம். சீட்டுகளைத் திரும்ப உறையில் போட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போனார்களாம். பிறகு செய்தித்தாள்காரர்கள் எடுத்து எண்ணிப் பார்த்தார்களே என்றேன். அது எண்ணிக்கை இல்லை, வெறும் வாசிப்பு என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒன்பது வருடம் கழித்து என் கட்சிக்கு ஒரு ஆள்.

வடு மட்டும் விழுந்த சீட்டுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையை உயர்த்தி, இல்லாத ஒரு சீட்டை வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார்.

"நகம் பட்ட மாதிரி ஒரு அடையாளம். மேசையில் இருந்த ஒருவர் இதில் ஒன்றும் இல்லை, தள்ளு என்றார். நான் சொன்னேன்: ஒரு மனிதர் வந்திருக்கிறார், வரிசையில் நின்றிருக்கிறார், இந்த இடத்தில் அழுத்தியிருக்கிறார். அது யாருக்கு என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம். வந்தார் என்றாவது எழுது."

எழுதினீர்களா என்று கேட்டேன். சந்தேகமானவை என்று தனிக் கட்டு வைத்து எழுதினோம், அந்தக் கட்டுத்தான் கடைசிவரை என் முன்னால் இருந்தது என்றார். பிறகு தன் கூடையிலிருந்து ஸ்ட்ரோபெரிப் பழம் எடுத்துத் தந்தார்.

நான் அதைக் கையில் வாங்கினேன். தொலைக்காட்சியில் ஒரு நாட்டின் நீதிபதிகளுக்கு நான் சொன்ன நியாயத்தை, கோவில் மண்டபத்தில் என் பென்சில் கேட்கவில்லை. அந்தப் பெண் முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில், பயந்து பயந்து, ஞானப்பிரகாசத்தைக் கண்டேன் என்று சொன்னாள். நான் இரண்டாவது ஆள் எங்கே என்று கேட்டேன்.

பழத்தைச் சாப்பிட்டு, கையைத் துடைத்து, உறையின் முத்திரை மூன்றையும் உடைத்தேன். அருளப்பு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அருளப்பு, உம்மட மச்சான்ர வயசு என்ன?"

ரோல்ஸைத் தாளில் வைத்து, கையைக் காற்சட்டையில் துடைத்தார். "அம்பத்தாறு" என்றார். "ஒக்டோபர் வந்தா அம்பத்தேழு."

"தொழில்?"

"எஞ்சின் திருத்துறது. வள்ளத்து எஞ்சின்." பிறகு கேட்டார்: "ஒரு சாட்சி போதுமோ ரீச்சர்?"

அந்தக் கேள்வியில் குத்தல் இருந்தது. எனக்கு வர வேண்டியதுதான். "ஒரு சாட்சி எண்டு எழுதுவன்" என்றேன். "இல்லாததை எழுத மாட்டன். இருக்கிறதை விடவும் மாட்டன்."

முப்பத்தெட்டாவது வரி. பேனையால் எழுதினேன். இரண்டாவது சாட்சிக்குரிய கட்டத்தில் கோடு போட்டு, 'இதுவரை ஒருவர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அருளப்பு கையொப்பமிட்டார். தன் முழுப் பெயரையும் எழுதினார், ஆலையில் சம்பளத் தாளில்கூட அப்படி எழுதியிருக்க மாட்டார்.

விழா மதியத்துக்குப் பிறகு நடந்தது. கொடிகளைத் தாங்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள், இரண்டு தேசிய கீதங்கள், பாட்டு, பேச்சுகள். சுதந்திரத்தைப் பற்றி எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். ஒலிபெருக்கி தெளிவு, மேலே இருந்தாலும் கேட்கிறது. முடிந்ததும் டோரதி தன் நாடாவோடு கீழே போய், தூதரகத்திலிருந்து வந்திருந்த ஒருவரைக் கயிற்றடிக்கு அழைத்து வந்தார். நாற்பது வயது இருக்கும், வெயிலில் முகம் சிவந்திருந்தது. திறந்த உறையைக் காவலர் பார்த்துத் தலையாட்டினார்.

ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் நான் கேட்டது ஒன்றுதான். யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; முகாம்களில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் பெயர் பெயராகக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தொடங்கினால் முடிக்கச் சொல்லுங்கள். அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார். பிறகு பட்டியலை வாசித்தார். தன்னால் எந்த வாக்குறுதியும் தர முடியாது என்றார். அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். வாக்குறுதி கேட்கவில்லை, பற்றுச்சீட்டுக் கேட்கிறேன் என்று, வீட்டில் தட்டச்சு செய்து கொண்டு போயிருந்த தாளை நீட்டினேன். பெட்டி கை மாறினால் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும்.

அவர் சிரித்தார், ஆனால் கேலியாக அல்ல. தாளில் 'முப்பத்தேழு பெயர்கள்' என்று இருந்தது. அதை வெட்டி முப்பத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் வைத்தேன், அவரையும் வைக்கச் சொன்னேன். திருத்தம் என்றால் இரு பக்கமும் ஒப்பமிட வேண்டும். வைத்தார். நேரம் மாலை 4.10 என்றும் எழுதினார், நான் கேட்காமலே.

திரும்பும் வழியில் அருளப்பு, ஓகூஸ் நகரத்தைத் தாண்டிய பிறகு, றோசலினுக்கு ரெலிபோனில் சொல்லட்டுமா அல்லது வீட்டுக்குப் போய் நேரில் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் நேரில் சொல்கிறேன், முதலில் காரை உங்கள் வீட்டுக்கு விடும் என்றேன். 7.05க்கு வைலே. றோசலின் கதவைத் திறந்தார். பற்றுச்சீட்டைக் கொடுத்தேன். வெட்டித் திருத்திய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கார் இல்லாதவர்கள் வைலேயிலிருந்து புகையிரதத்தில் ஓகூஸ் போய் மாறி, ஷோர்பிங் என்ற நிலையத்தில் இறங்கலாம். இரண்டரை மணி நேரமளவு. அங்கிருந்து குன்றுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். எங்களுக்குப் பெற்றோல் போக வர 235 குரோனர். நுழைவதற்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. விரிப்பு, தண்ணீர், தொப்பி, சாப்பாடு கொண்டு போங்கள். மரக்குற்றிகளால் கட்டிய ஒரு வீட்டில் சிறிய காட்சிச்சாலை இருக்கிறது. எனக்குப் பார்க்க நேரம் இருக்கவில்லை. யாருக்காவது கடிதம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் உறையை ஒட்டாதீர்கள். பேனை கொண்டு போங்கள்.

இதை எழுதும் நாள்வரை பதில் எதுவும் வரவில்லை. சவேரியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஆனால் விஷயம் கேள்விப்பட்டு எஸ்பியர்க்கிலிருந்து இரண்டு குடும்பங்கள் தொலைபேசி எடுத்தன. ஒன்றுக்கு இரண்டு சாட்சி, மற்றதற்கு ஒன்று. இன்னொரு தாளில் கோடு போட்டு, முப்பத்தொன்பதிலிருந்து இலக்கமிட்டு வைத்திருக்கிறேன். ஏன் நிக்கிறீர் என்று என் கணவர் கேட்டதற்கு இதுதான் என் பதில்: எண்ணி முடியவில்லை.